அவையோரும் ‘மக்களும்’: மெயர்ஹோல்ட் அரங்கின் பார்வையாளர் பிளவு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு (1920–1938)

நாடக வரலாறுகள் பெரும்பாலும் நாடகாசிரியர், நெறியாளர், நடிகர் ஆகியோரின் வரலாறுகளாகவே எழுதப்பட்டு வந்துள்ளன. அவையில் அமர்ந்திருந்தோர் அவற்றில் இடையிடையே தலைகாட்டுவர்; ஆரவாரித்தனர் என்றோ எள்ளி நகைத்தனர் என்றோ ஒரு வரி எழுதப்படும். அவர்கள் யாவர், எவ்வர்க்கத்தைச் சார்ந்தோர், கட்டணஞ் செலுத்தி வந்தோரா இலவசமாக அனுமதிக்கப்பட்டோரா, எவ்விடத்திற் சிரித்தனர், எவ்விடத்தில் எழுந்து வெளியேறினர் என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. கலையைச் சமுதாய உறவுகளின் பகைப்புலத்தில் வைத்து நோக்க முற்படும் ஆய்வாளருக்கு இக்குறைபாடு சிறியதொன்றன்று.

இவ்வகையில், மொஸ்கோவில் 1920 முதல் 1938 வரை பல்வேறு பெயர்களில் இயங்கிய வ்செவொலொட் மெயர்ஹோல்ட்டின் அரங்கு தனிக் கவனத்துக்குரியது. நடிகனின் உடலை நாடகத்தின் முதன்மைச் சாதனமாகக் கொண்டு பரிசோதனைகளை நடத்திய இக்குழு, ஏறத்தாழ ஒவ்வொரு மேடையேற்றத்தின்போதும் தன் பார்வையாளரை எதிரெதிர் அணிகளாகப் பிரித்தது. அப்பிரிவினையைத் தானே ஆராயவும் முற்பட்டது. ஈற்றில், சோவியத் கலைக்கு அந்நியமானது என்ற தீர்ப்பின் பேரில் மூடப்பட்டது. ஒரு காலத்தில் எண்ணிக் கணக்கிடப்பட்ட அவையோர், பின்னொரு காலத்தில் எவராலும் எண்ணப்படாத ‘மக்கள்’ ஆனமை எவ்வாறு என்பதே இக்கட்டுரை ஆராய விரும்பும் பொருளாகும்.

1

1874 இல் பென்சா நகரிற் பிறந்த மெயர்ஹோல்ட், ஸ்ரனிஸ்லவ்ஸ்கியும் நெமிரோவிச்-தன்ச்சென்கோவும் 1898 இல் நிறுவிய மொஸ்கோ கலை அரங்கின் தொடக்ககால நடிகர்களுள் ஒருவர். செக்கோவின் ‘கடற்பறவை’ நாடகத்தில் திரெப்லெவ் என்னும் இளம் எழுத்தாளனாக நடித்தவர் அவரே. வாழ்க்கையை உள்ளவாறு மேடையிற் காட்டும் இயற்பண்புவாத மரபு அங்கு உன்னத நிலையை எய்தியிருந்தது. மேடைக்கும் அவைக்குமிடையே கண்ணுக்குப் புலனாகாத ஒரு சுவர் உண்டு என்பது அம்மரபின் அடிப்படை. பார்வையாளன் அச்சுவரூடாகப் பிறர் வாழ்வை மௌனமாக நோக்குபவன். 1902 இல் அவ்வரங்கை விட்டு நீங்கிய மெயர்ஹோல்ட் தம் வாழ்நாள் முழுவதும் தகர்க்க முயன்றது இச்சுவரையே ஆகும்.

புரட்சிக்கு முன்னரே இம்முயற்சி அவையைப் பிளந்தது. 1906 ஆம் ஆண்டின் இறுதியில், பீற்றர்ஸ்பேர்க்கில் அலெக்சாந்தர் பிளொக்கின் ‘சந்தைக் கூத்துமேடை’ என்னும் சிறு நாடகத்தை நெறிப்படுத்திய அவர், அதிற் கோமாளிப் பாத்திரமாகிய பியரோவாகவும் நடித்தார். திரை வீழ்ந்தபோது அவையின் ஒரு பகுதியினர் சீழ்க்கையடித்தனர். மறுபகுதியினர் கரகோஷஞ் செய்தனர். ஆயினும் அப்பிளவு படித்த நகர்ப்புற மேற்றட்டினரின் இரசனைப் பிளவே ஆகும். தொழிலாளியோ விவசாயியோ அந்த அவையிற் பெரும்பாலும் இல்லை. சிலர் புதுமையை விரும்பினர், சிலர் விரும்பவில்லை என்பதற்கு மேல் அதிற் சமுதாய முக்கியத்துவம் அதிகமில்லை. பிளவின் தன்மையை மாற்றியது 1917 ஒக்ரோபர் ஆகும்.

2

1918 இற் போல்ஷிவிக் கட்சியில் இணைந்த மெயர்ஹோல்ட், 1920 இலையுதிர்காலத்திற் கல்வி ஆணையகத்தின் நாடகப் பகுதிக்குத் தலைவரானார். ‘நாடக ஒக்ரோபர்’ என்னும் சுலோகத்தை முன்வைத்து, பழைய அரங்குகளுக்கு எதிராக ஓர் உள்நாட்டுப் போரையே பிரகடனஞ் செய்தார் எனலாம். பொல்ஷோய், மாலி, கலை அரங்கு ஆகியவற்றை அவரது கைக்கெட்டாதவாறு பாதுகாத்தவர் கல்வி ஆணையாளரான லூனச்சார்ஸ்கி. 1921 இன் தொடக்கத்தில் மெயர்ஹோல்ட் அப்பதவியை விட்டு விலகினார். கலை பற்றிய பிணக்கை நிருவாக அதிகாரத்தினால் தீர்த்துவிடலாம் என்னும் எண்ணம் அக்காலத்தில் அவருக்கும் இருந்தது என்பதை நாம் மறைத்தலாகாது. பின்னர் நிகழ்ந்தவற்றை மதிப்பிடும்போது இது நினைவிற் கொள்ளப்பட வேண்டியதாகும்.

புரட்சியின் மூன்றாவது ஆண்டு நிறைவான 1920 நவெம்பர் 7 இல், பெல்ஜியக் கவிஞர் வெர்ஹாரனின் ‘விடியல்கள்’ நாடகம் அவரது நெறியாள்கையில் மேடையேறிற்று. ஸொன் என்னும் பழைய கேளிக்கை அரங்கிலேயே அது நிகழ்ந்தது. மண்டபத்திற் சூடேற்றும் வசதி இருக்கவில்லை, அனுமதி இலவசம், சுவர்களிற் சுலோக அட்டைகள் தொங்கின, பார்வையாளர்மீது துண்டுப் பிரசுரங்கள் வீசப்பட்டன. நாடகத்தின் இடையே தூதுவன் ஒருவன் தோன்றி உள்நாட்டுப் போரின் அன்றைய செய்தியை அறிவிப்பான். கிரிமியாவின் வாயிலான பெரெகோப்பில் செஞ்சேனை வெற்றியடைந்த செய்தியும் அவ்வாறே மேடையிலிருந்து வெளியாயிற்று. அவ்விரவில் அவைக்கும் மேடைக்குமிடையே இருந்த சுவர் உண்மையிலேயே மறைந்தது.

எனினும் இந்நாடகத்துக்கு எதிரான கடுமையான குரல் எழுந்தது கட்சிக்கு உள்ளேயிருந்துதான். லெனினின் துணைவியாரான குருப்ஸ்காயா ‘பிராவ்தா’ இதழில் அதனைக் கண்டித்தார். காலமும் இடமும் அற்ற ஒரு கற்பனைக் கதையைச் சோவியத் சூழலிற் பொருத்தியதனால், பாட்டாளி வர்க்கம் எவனோ ஒரு தலைவனின் பின்னால் அலையும் ஷேக்ஸ்பியர் நாடகத்துக் கும்பலாகச் சித்திரிக்கப்பட்டுவிட்டது என்பது அவரது வாதம். இவ்விமர்சனத்தின் தன்மை கவனிக்கத்தக்கது. குறித்த ஒரு நாடகத்தைப் பார்த்த ஒருவர், தம் பெயருடன், குறித்த ஒரு காரணத்தைக் காட்டி எழுதியது அது. அதற்கு மறுமொழி கூறுதல் சாத்தியமாயிருந்தது. அதனால் நாடகம் தடை செய்யப்படவும் இல்லை.

3

உடலை மையமாகக் கொண்ட அரங்கின் முழுமையான வெளிப்பாடு 1922 இல் நிகழ்ந்தது. மெயர்ஹோல்ட் தம் பயிலகத்தில் வகுத்த பயிற்சிமுறை ‘பயோமெக்கானிக்ஸ்’ எனப்பட்டது. உடலியக்கவியல் என நாம் அதனைத் தமிழிற் கூறலாம். அம்பெய்தல், கல்லெறிதல், கன்னத்தில் அறைதல், கத்தியாற் குத்துதல் முதலிய பயிற்சிகள் அதில் இடம்பெற்றன. ஒவ்வோர் அசைவும் மூன்று கட்டங்களாகப் பகுக்கப்பட்டது: செயலுக்கு முன்னதான எதிர்த்திசைப் பின்வாங்கல், செயல், செயல் முடிந்த நிலைகொள்ளல். உணர்ச்சியிலிருந்து அசைவு பிறக்கிறது என்ற கொள்கையைத் தலைகீழாக்கி, சரியான அசைவிலிருந்தே உணர்ச்சி பிறக்கும் என்றார் அவர். மனவெழுச்சியை நாடி நடிகன் தன் அந்தரங்கத்தைத் துருவ வேண்டியதில்லை. தேர்ந்த தொழிலாளியைப் போன்று தன் உடலைச் சிக்கனமாகவும் துல்லியமாகவும் இயக்கக் கற்றாற் போதுமானது.

இச்சிந்தனைக்கு அக்காலச் சோவியத் உற்பத்திப் பிரச்சினையோடு நேரடித் தொடர்புண்டு. தொழிலாளியின் அசைவுகளை அளந்து வகுத்த அமெரிக்கரான ரெயிலரின் முறையை 1914 இல் மனிதனை யந்திரத்துக்கு அடிமையாக்குவதாகக் கண்டித்த லெனின், 1918 இல் அதன் விஞ்ஞான அமிசங்களைக் கற்றுப் பயன்படுத்த வேண்டும் என்றார். கஸ்ற்றெவ்வின் தலைமையில் மத்திய தொழில் நிறுவகம் மொஸ்கோவில் இயங்கியது. மெயர்ஹோல்ட்டின் நடிகன் இவ்வுலகைச் சார்ந்தவன். உழைப்பைக் கலையின் கருப்பொருளாக்கிய பலரிடையே, அவர் உழைப்பின் அசைவையே கலையின் வடிவமாக்கினார். அதேவேளை ரெயிலர் முறையினுள் உறைந்திருந்த முரண்பாடும் அரங்கினுள் நுழைந்தது. இவ்வுடல் விடுதலை பெற்ற மனிதனின் உடலா, ஒழுங்குபடுத்தப்பட்ட யந்திரத்தின் உறுப்பா என்னும் ஐயம் அக்காலத்தவருக்கு எழுந்ததில் வியப்பில்லை.

1922 ஏப்ரல் 25 இல் மேடையேறிய குரோமெலிங்கின் ‘பெருந்தகைக் கணவன்’ இவ்வையத்தை வெட்டவெளிச்சமாக்கிற்று. தன் மனைவியின் கள்ளக் காதலன் எவன் என அறியும் வெறியில் ஊராடவர் அனைவரையும் அவளிடம் வரச் செய்யும் ஒரு கணவனைப் பற்றிய கேலி நாடகம் அது. ஓவியர் பொப்போவா திரையையும் சோடனையையும் அகற்றிவிட்டு, ஏணிகள், சறுக்குப் பலகைகள், சுழற்கதவுகள், சக்கரங்கள் ஆகியவற்றாலான ஒரு மரக் கட்டமைப்பை வெறுமேடையில் நிறுத்தினார். எவ்விடத்தும் கொண்டுசென்று நிறுத்தத்தக்கது அது. நடிகர் ஒப்பனையின்றி ஒரே மாதிரியான நீல வேலையுடுப்பில் தோன்றினர். கணவனின் பொறாமை பெருகப் பெருகச் சக்கரங்கள் விரைந்து சுழன்றன. இலின்ஸ்கி, பபானோவா, ஸைச்சிகொவ் ஆகிய மூவரும் ஓருடலின் மூன்று உறுப்புகள் போல் இயங்கினர் என வியக்கப்பட்டது.

லூனச்சார்ஸ்கி நாடகத்தின் நடுவே எழுந்து சென்றார். மனிதனையும் பெண்ணையும் காதலையும் ஏளனஞ் செய்யும் படைப்பு இது என ‘இஸ்வெஸ்தியா’ இதழில் எழுதினார். மயகோவ்ஸ்கி மெயர்ஹோல்ட்டுக்காக வாதாடினார். இளைஞரும் மாணவரும் திரண்டு வந்தனர். நாட்டின் கலாசாரப் பொறுப்பை வகித்த அமைச்சரே ஒரு நாடகத்தை வெளிப்படையாக வெறுத்தார். அந்நாடகமோ தொடர்ந்து மேடையேறிக்கொண்டிருந்தது. 1922 ஆம் ஆண்டைப் பற்றிய மிக முக்கியமான செய்தி இதுவென்றே நாம் கருதுகிறோம்.

4

1921 இற் புதிய பொருளாதாரக் கொள்கை நடைமுறைக்கு வந்தபின் அரங்குகள் நுழைவுச்சீட்டு வருமானத்தை நாட வேண்டியவையாயின. இலவச அனுமதி பெற்ற படைவீரரின் இடத்தில், பணம் படைத்த புதிய வணிகனும் வந்தமர்ந்தான். தொழிற்சங்கங்களூடாக வந்த தொழிலாளி, மாணவன், பழைய புத்திஜீவி, அரச உத்தியோகத்தன் ஆகிய பலரும் ஒரே மண்டபத்தில் இருந்தனர். ‘பார்வையாளர்’ என்னும் ஒருமை இந்நிலையிற் பொருளற்றதாயிற்று.

மெயர்ஹோல்ட் அரங்கு இதனை உணர்ந்தது. பார்வையாளரிடம் வினாக்கொத்துகள் வழங்கி விடைகள் பெறப்பட்டன. அவ்விடைகளைச் சமுதாயப் பிரிவுகளின்படி வகுத்து ஆராய்ந்த ஸகோர்ஸ்கி, 1924 இல் ‘லெஃப்’ சஞ்சிகையில் தம் முடிவுகளை வெளியிட்டார். ஒருமைப்பட்ட பார்வையாளர் என எவரும் இல்லை. ஒரே காட்சி வெவ்வேறு சமுதாயக் குழுக்களில் வெவ்வேறு விளைவை உண்டாக்குகிறது என்பது அவரது முடிபு. 1925 இல் ஃபியொதொரொவ் அவ்வரங்கின் மற்றொரு முறையை விளக்கினார். நாடகம் நடைபெறும்போதே அவையின் எதிர்வினைகள் குறியீடுகளாற் பதிவு செய்யப்பட்டன. மௌனம், இரைச்சல், இருமல், சிரிப்பு, பெருமூச்சு, அழுகை, சீழ்க்கை, கரகோஷம், எழுந்து செல்லல், பொருள்களை வீசுதல், மேடைமீது ஏறுதல் என ஏறத்தாழ இருபது வகைகள் அதில் இருந்தன. அவமதிப்பும் வெளியேற்றமும்கூடக் குறித்துக்கொள்ளத்தக்க சான்றுகளாகக் கருதப்பட்டமை குறிப்பிடத்தக்கது.

இம்முறைகளின் வரையறைகளும் தெளிவானவையே. எழுத வல்லோரே வினாக்கொத்துக்கு விடையளிப்பர். சிரிப்பைக் குறிப்பேட்டிற் பதியலாம். சிரித்தமைக்கான காரணத்தைப் பதிய இயலாது. ஒஸ்ற்ரோவ்ஸ்கியின் ‘காடு’ நாடகத்தை அவர் 1924 ஜனவரியில் முப்பத்து மூன்று சிறு காட்சிகளாகப் பிரித்து, சர்க்கசும் சந்தைக் கேளிக்கையும் கலந்து அளித்தார். நிலவுடைமையாளரும் மதகுருவும் அதிற் கேலிச்சித்திரங்களாயினர். அக்காட்சிகளில் எழுந்த சிரிப்பிலே, நிலப்பிரபுவை விரட்டிய விவசாயியின் மகன் சிரித்த சிரிப்பும், வேடிக்கை பார்க்க வந்த வணிகனின் சிரிப்பும் ஒரே குறியீட்டினுள் அடங்கிவிடும். பண்டைய இலக்கியச் செல்வத்தைச் சிதைத்துவிட்டார் எனக் கற்றோர் பலர் சினந்தனர். ஆனால் ‘காடு’ அவ்வரங்கு மூடப்படும்வரை நிலைத்து நின்ற வெற்றி நாடகமாயிற்று. காதலர் இருவரும் சந்தைகளிற் காணப்படும் கயிற்று இராட்டினத்திற் சுழன்று, ஒவ்வொரு சுற்றுக்கும் மேலும் உயரப் பறந்தபடி தம் எதிர்காலக் கனவைப் பேசும் காட்சியைப் புரிந்துகொள்ள நூலறிவு வேண்டியிருக்கவில்லை. உடல்மொழி அரங்கு பாமரருக்கு எட்டாதது என்ற பொதுக்கூற்றை இவ்வொரு நாடகமே மறுத்துவிடுகிறது. எட்டுவதும் எட்டாததும் அவ்வுடல்மொழி எந்த மரபிலிருந்து பெறப்பட்டது என்பதைப் பொறுத்தது.

5

1926 டிசெம்பர் 9 இல் மேடையேறிய கொகோலின் ‘அரசாங்கப் பரிசோதகர்’ அணிகளை இடம்மாற்றியது. பதினைந்து காட்சிகளாக வகுக்கப்பட்ட அந்நாடகத்திற் பெரும்பாலானவை மிகச் சிறிய நகரும் மேடைகளில் நிகழ்ந்தன. உத்தியோகத்தர் கூட்டம் அச்சிறு பரப்பில் நெருக்குண்டு, ஒரே உடலாக அசைந்தது. இறுதியில் அனைவரும் கல்லாய்ச் சமைந்து நிற்கும் காட்சியில் நடிகருக்குப் பதிலாக ஆளுயரப் பொம்மைகள் நின்றன. மாகாண நகரொன்றின் ஊழலைக் காட்டிய நாடகம், ஒரு முழு ஆட்சியமைப்பின் உயிரற்ற தன்மையைக் காட்டுவதாக விரிந்தது.

‘பெருந்தகைக் கணவ’னை வெறுத்த லூனச்சார்ஸ்கி இதனை ஆதரித்தார். முன்னர் அவரோடு நின்ற இடதுசாரிகள் சிலர் இதில் மறைஞானமும் ஆடம்பரமும் கண்டு எதிர்த்தனர். கவிஞர் தெமியான் பேத்னி, கொகோலின் சிரிப்பையே கொன்றுவிட்டார் என்ற பொருள்பட எள்ளற் செய்யுள் எழுதினார். 1927 ஜனவரி 3 இல் அவ்வரங்கிலேயே நடைபெற்ற பகிரங்க விவாதத்தை நேரிற் கண்டு எழுதியவர்களுள் அப்போது மொஸ்கோவில் தங்கியிருந்த ஜேர்மானியச் சிந்தனையாளர் வால்ற்றர் பெஞ்சமினும் ஒருவர். மயகோவ்ஸ்கி, பியெலி, லூனச்சார்ஸ்கி ஆகியோர் பேசினர். பேசுவதற்கு எழுந்த மெயர்ஹோல்ட்டை அவை உற்சாகத்தோடு வரவேற்றது. ஆனால் அவர் தம் விமர்சகரைச் சாடத் தொடங்கியதும் அவ்வாதரவு கலைந்தது. பார்வையாளரைத் துருவி ஆராய்ந்த அரங்கின் தலைவர், நேரெதிரே அமர்ந்திருந்த பார்வையாளரின் மனநிலையைக் கணிக்கத் தவறியமை முரண்நகையே. எனினும் பிணக்கு எத்துணைக் கடுமையாயினும் அது மண்டபத்துக்குள்ளேயே, முகத்துக்கு முகம், பெயர்களோடு நிகழ்ந்தது.

6

1930 களில் விமர்சனத்தின் சொற்களஞ்சியமே மாறியது. 1936 ஜனவரி 28 இற் ‘பிராவ்தா’ ஷொஸ்ரகோவிச்சின் இசைநாடகத்தைத் தாக்கி வெளியிட்ட ஒப்பமற்ற கட்டுரையுடன், உருவவாதத்துக்கு எதிரான இயக்கம் எல்லாக் கலைகளுக்கும் பரவியது. மக்களுக்கு விளங்காமை என்பது குற்றச்சாட்டாயிற்று. அதே ஆண்டு மார்ச்சில் லெனின்கிராட்டில் நிகழ்த்திய உரையில் மெயர்ஹோல்ட் தம்மைப் போலி செய்வோரைக் கண்டித்ததோடு, ஷொஸ்ரகோவிச்சுக்கு ஆதரவாகவும் பேசினார்.

1937 டிசெம்பர் 17 இற் ‘பிராவ்தா’வில் ‘அந்நியமான அரங்கு’ என்னும் கட்டுரை வெளியாயிற்று. எழுதியவர் கலை விவகாரக் குழுவின் தலைவரான கேர்ஷென்ற்செவ். புரட்சியின் இருபதாம் ஆண்டு நிறைவுக்கென இவ்வரங்கு ஒரு நாடகத்தையும் அளிக்கவில்லை என்பது குற்றச்சாட்டுகளுள் ஒன்று. உருக்கு வீரம் பெற்ற வரலாற்றைக் கூறும் நிக்கொலாய் ஒஸ்ற்ரோவ்ஸ்கியின் நாவலைத் தழுவி அவர்கள் ஒரு நாடகத்தை ஆயத்தஞ் செய்தே இருந்தனர், அது அனுமதிக்கப்படவில்லை. இன்னொன்றும் நோக்கத்தக்கது. இதே கேர்ஷென்ற்செவ் 1918 இல் வெளியிட்ட ‘படைப்பு அரங்கு’ என்னும் நூலில், பார்வையாளர் வெறுமனே பார்த்திருப்போராக அன்றிச் சேர்ந்து படைப்போராக வேண்டும் என வாதிட்டவர். இருபது ஆண்டுகளின் பின்னர் அப்பார்வையாளரின் பெயரால் அவர் எழுதினார். ஆனால் அவர்களிடம் வினாக்கொத்து எதுவும் கொடுக்கப்படவில்லை.

1938 ஜனவரி தொடக்கத்தில் அரங்கு ஆணைமூலம் கலைக்கப்பட்டது. அந்நிலையில் மெயர்ஹோல்ட்டுக்குத் தம் இசைநாடக அரங்கிற் பணி வழங்கியவர், அவர் வாழ்நாள் முழுதும் எதிர்த்த கலைநெறியின் ஆசானாகிய ஸ்ரனிஸ்லவ்ஸ்கியே. அவர் அவ்வாண்டு ஓகஸ்ற்றில் மறைந்தார். 1939 ஜூன் 20 இல் மெயர்ஹோல்ட் கைதானார். சில வாரங்களில் அவரது மனைவியும் நடிகையுமான ஸினாயிதா ராய்க் வீட்டிற் கொலையுண்டார். சிறையிற் சித்திரவதைக்குள்ளானதை மொலொற்றொவ்வுக்கு எழுதிய கடிதத்தில் மெயர்ஹோல்ட் விவரித்தார். 1940 பெப்ரவரி 2 இற் சுட்டுக்கொல்லப்பட்டார். 1955 இற் குற்றமற்றவர் என அறிவிக்கப்பட்டார். அவரது ஆவணங்களை அவரின் மாணவரான ஐசென்ஸ்ரைன் காப்பாற்றி வைத்திருந்தார். பயிற்சிகளை அவரது நடிகரான குஸ்ரொவ் 1970 களில் இளைய தலைமுறையினர் சிலருக்குக் கற்பித்தார்.

7

இவ்வரலாற்றை இரு வகையாகத் திரித்துக் கூறுதல் வழக்கமாகியுள்ளது. பொதுவுடைமையும் பரிசோதனைக் கலையும் ஒன்றுக்கொன்று பகை என்பதற்கு இதனைச் சான்றாகக் காட்டுவோர் ஒரு சாரார். அவர்கள் 1920 முதல் 1927 வரையான ஆண்டுகளை மறந்துவிடுகின்றனர். அவ்வரங்கைத் தோற்றுவித்ததும், அதற்குப் புதிய அவையோரை அளித்ததும் புரட்சியே. தனிநபர் அத்துமீறல் என்ற சொற்றொடரோடு அமைதி காண்போர் மற்றொரு சாரார். ஒரு கொலையை அவ்வாறு விளக்க முற்பட்டாலும், அதற்கு வழிசமைத்த விமர்சனமுறையை அவ்வாறு விளக்க இயலாது.

அவ்விமர்சனமுறையின் அடிப்படைத் தவறு மார்க்சியத் தவறே ஆகும். மார்க்சியம் எமக்குக் கற்பிக்கும் முதற்பாடம், வர்க்கங்களாகப் பிளவுண்ட சமுதாயத்தில் ‘மக்கள்’ என்பதனை ஆராயாது ஏற்றுக்கொள்ளலாகாது என்பதாகும். ஸகோர்ஸ்கியின் வினாக்கொத்து, குறைபாடுகள் பலவற்றோடும், இப்பாடத்தைப் பின்பற்றியது. 1937 ஆம் ஆண்டின் கட்டுரை அதனைக் கைவிட்டது. ‘காடு’ நாடகத்துக்குப் பதினான்கு ஆண்டுகளாக வந்துகொண்டிருந்தோரும் மக்களே என்பது அக்கட்டுரையின் கணக்கில் இடம்பெறவில்லை. இல்லாத ஓர் ஒருமையின் பெயரால், இருந்த ஒரு பிளவு மறைக்கப்பட்டது. பிளவு மறைக்கப்பட்டபின் அதனைப் பேசித் தீர்ப்பதற்கான மண்டபமும் தேவையற்றதாயிற்று.

ஈழத்து முற்போக்கு விமர்சனத்திலும் உருவம், உள்ளடக்கம் என்பன பற்றிய விவாதம் நெடியது. அவ்விவாதங்களில் ‘இது மக்களுக்கு விளங்காது’ என்னும் வாக்கியம் பல தடவை எழுதப்பட்டுள்ளது. ‘மக்கள் இதனை ஏற்றுக்கொண்டனர்’ என்பதும் எழுதப்பட்டுள்ளது. இரண்டும் ஒரே வகைக் கூற்றுகளே. எவ்வூரில், எவ்வவையில், யாருக்கு, எவ்விடத்தில் விளங்கவில்லை என்று கூற இயலாத விமர்சகன், மக்களின் பெயரால் தன் இரசனையையே பேசுகிறான். ஒரு நாடகம் அவையைப் பிளக்குமாயின், அப்பிளவு எக்கோட்டின் வழியே செல்கிறது என்பதை ஆராய்தலே எமது பணியாகும். வர்க்கக் கோட்டின் வழியே செல்லின் அது ஒரு செய்தி. தலைமுறைக் கோட்டின் வழியே செல்லின் பிறிதொரு செய்தி. ஒருவனுடைய உள்ளத்தின் ஊடாகவே செல்லின், ‘பெருந்தகைக் கணவ’னை வெறுத்து ‘அரசாங்கப் பரிசோத’கரை ஆதரித்த லூனச்சார்ஸ்கியிடம் நாம் காண்பதுபோல, அது மிகவும் பயனுள்ள செய்தி. இம்மூன்றையும் வேறுபடுத்தி அறிவதற்கு, இருபது குறியீடுகள் கொண்ட அந்தப் பழைய குறிப்பேட்டின் பொறுமையேனும் எமக்கு வேண்டும்.